கரையை உயர்த்திய பிறகும் தெருவில் தண்ணீர் நிற்பது ஏன்?

பள்ளத்தெரு:
எங்க பகுதியில் ஆற்றங்கரையை உயர்த்தி, மேலே கான்கிரீட் சுவரும் கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த முதல் பெருமழையில் ஆறு சுவரைத் தாண்டவே இல்லை, இரண்டு முழம் கீழேயேதான் ஓடிச்சு. ஆனா எங்க தெருவில் முழங்கால் தண்ணி, இரண்டு நாளா வடியலை. சுவர் இல்லாத காலத்தில் வெள்ளம் வந்தா ஒரே நாளில் இறங்கிடும். சுவர் கட்டினதே தப்பா? இல்ல, கோளாறு வேற எங்கேயாவது இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. "மழை ஜாஸ்தி சார்"னு ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. அதை அலுவலகத்திலேயே சொல்லி அனுப்பிட்டாங்க.

மதகடி:
வடிகால் வேலையிலேயே தலை நரைச்சவன் நான், அந்த உரிமையில் சொல்றேன். சுவர் தப்பில்லை, ஆனா அது பாதி வேலைதான். ஆற்றை வெளியே நிறுத்துற சுவர் மழையை உள்ளேயும் நிறுத்தும். முன்னே ஆறு இறங்கினதும் உங்க தெருத் தண்ணி கரை தாழ்ந்த இடமாப் பார்த்து அதுபாட்டுக்கு ஓடிப் போயிருக்கும். இப்ப அந்த வழி அடைஞ்சாச்சு. மிச்சம் இருக்கிறது வடிகால் குழாய் மட்டும்.

அந்தக் குழாய் ஆற்றில் சேருற வாயில் ஒரு தொங்கு மூடி இருக்கணும், மேலே கீல் வச்ச இரும்புத் தகடு. ஆறு தாழ்வா இருந்தா வடிகால் தண்ணி அதைத் தள்ளித் திறந்து வெளியே போகும். ஆறு ஏறினா ஆற்றுத் தண்ணியே அதை அழுத்தி மூடிடும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனா மூடி விழுந்த நிமிஷத்திலிருந்து உங்க பகுதியில் பெய்யற ஒவ்வொரு சொட்டும் உள்ளேயேதான் நிற்கும். அந்தத் தண்ணிக்கு மூணே வழி: ஆறு இறங்குற வரைக்கும் எங்காவது தேக்கி வைக்கணும், பம்ப் போட்டுச் சுவருக்கு மேலே தூக்கி ஊத்தணும், இல்ல ஆறு இன்னும் தாழ்வா இருக்கிற கீழ்ப்பகுதிக்குத் தனிக் கால்வாய் வெட்டிக் கொண்டு போகணும்.

ஒண்ணு கேட்கட்டுமா? தெருவில் நின்ன தண்ணி என்ன நிறம்?

பள்ளத்தெரு:
நிறமா? முதல் நாள் சாக்கடை மாதிரி கருப்பு. மறுநாள் காலையில் பார்த்தப்ப செம்மண் கலங்கலா இருந்துது. ஏன் கேட்கிறீங்க?

மதகடி:
அப்புறம் சொல்றேன். அந்த மூடி இருக்கிற இடத்தை வெயில் நாளில் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க.

வரைபடம்:
நான் வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் செய்பவன். மதகடி ஐயா சொன்னதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வடிகாலின் நீர்ப்பிடிப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது 5 லட்சம் கன மீட்டர். கட்டடமும் தார்ச்சாலையும் நிறைந்த பகுதியில் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும் என்றால் 4 லட்சம். அந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சராசரியாக விநாடிக்கு 111 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 3,900 கன அடி.

ஜப்பானில் டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில் 2006இல் முடித்த நிலத்தடி வெள்ளக் கால்வாயின் நான்கு பம்புகளும் சேர்ந்து எடோ ஆற்றுக்குத் தூக்கி ஊற்றுவது விநாடிக்கு 200 கன மீட்டர். ஆறு பெருகும்போது சின்ன ஆறுகளின் உபரி பெரிய கிணறுகளில் விழுந்து, தரைக்கு 50 மீட்டர் கீழே 6.3 கி.மீ. சுரங்கத்தில் ஓடி, 18 மீட்டர் உயரமுள்ள 59 தூண்கள் நிற்கும் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மேலேறுகிறது. அப்படி ஒரு ராட்சத வேலை தரும் திறனில் பாதிக்கு மேல் உங்கள் பத்து சதுர கிலோமீட்டருக்கே தேவைப்படுகிறது. "பம்ப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் முன் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சும்மாஒருத்தன்:
அப்ப பெரிய பம்ப்பா வாங்கிப் போட வேண்டியதுதானே? பணம்தான் பிரச்சினைன்னா நேராச் சொல்லுங்கப்பா.

பம்ப்ஹவுஸ்:
நான் பம்ப் ஓட்டினவன். பெரிய பம்ப் பேச்சைக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வருது. ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன்.

அடைமழை. சம்ப்பில், அதான் பம்ப் உறிஞ்சற தொட்டியில், தண்ணி ஏறுது, மூணு பம்ப்பும் ஓடுது. ஒன்றரை மணி வாக்கில் ஒண்ணு தானா நின்னுச்சு. பேனலைப் பார்த்தா 'தண்ணீர் குறைவு'ன்னு விளக்கு எரியுது! வெளியே ரோடே ஆறா ஓடுது, இவன் தண்ணி இல்லைங்கிறான். டார்ச் அடிச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. சம்ப்புக்கு முன்னாடி இருக்கிற கம்பிச் சல்லடை முழுக்க பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு பஞ்சு மெத்தை. மெத்தை கம்பியில் அப்படியே அறைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. சல்லடைக்கு இந்தப் பக்கம் ஆள் மட்டத்துக்குத் தண்ணி, அந்தப் பக்கம் பம்ப் காத்தைக் குடிக்குது. நாங்க நாலு பேர் கயிறு கட்டி, வாரியால் இழுத்து, மெத்தையை மேலே கொண்டு வர இரண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள நாலு தெரு மூழ்கியாச்சு. மறுநாள் விசாரணையில் கேட்டது பம்ப்போட குதிரைத்திறனைத்தான். சல்லடையைப் பத்தி ஒருத்தரும் கேட்கலை.

பம்ப் வைக்கிறவங்க மூணு விஷயம் பாருங்க. சல்லடையைத் தானா வாரிக் கொட்டுற இயந்திரம் இருக்கா. ஜெனரேட்டரும் மின் பேனலும் வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்கா (கீழ்த்தளத்தில் வச்சுட்டு முதலில் அதையே மூழ்கடிச்ச இடமெல்லாம் பார்த்திருக்கேன்). ராத்திரி ஆள் இருக்கானா.

வரைபடம்:
அருமை. பம்ப் அளவைக் குறைக்க வழி, அதற்கு முன்னால் ஒரு தேக்கம் வைப்பது. அதே 4 லட்சம் கன மீட்டரில் பாதியை ஒரு குளத்தில் பிடித்துவிட்டால் பம்பும் பாதி போதும். மூன்று மீட்டர் ஆழம் பயன்படும் குளமென்றால் அதற்குப் பதினாறு, பதினேழு ஏக்கர் வேண்டும். மழைக்கு முன் அது காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அழகுக்காக எப்போதும் நிரப்பி வைத்த ஏரி வெள்ளத்துக்குத் தேக்கமாகாது.

மதகடி:
காலி என்ற வார்த்தைக்கு அடிக்கோடு போடுங்க. இன்னொண்ணு: தேக்கம் தண்ணியின் அளவைக் குறைக்காது, ஒரே நேரத்தில் பாயற உச்சத்தைத்தான் தட்டும். அதுவும் தப்பான நேரத்தில் தட்டினா வினை.

வரைபடம்:
தப்பான நேரம் என்றால்? உச்சத்தைத் தட்டுவது எப்போதுமே நல்லதுதானே?

மதகடி:
தம்பி, மாதிரியில் ஓட்டிப் பாருங்க. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன வாய்க்கால் வந்து சேருது. அதன் வெள்ளம் சீக்கிரமே வந்து, மேலிருந்து பெருவெள்ளம் வர்றதுக்குள்ள கடலுக்குப் போயிடும். நீங்க அதில் தேக்கம் கட்டி ஆறு மணி நேரம் தாமதிச்சா, அது சரியாப் பெருவெள்ளத்தின் தலைமேல் போய் உட்காரும். ஊர் ஊரா அவங்கவங்க எல்லைக்குள்ள மட்டும் பார்த்துக் குளம் வெட்டினா இதான் நடக்கும். வட்டாரம் முழுக்க ஒரே கணக்கா, ஒரே கையில் இருக்கணும்கிறது அதுக்குத்தான்.

வரைபடம்:
ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவே ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டம் ஏறத்தான் செய்தது.

பள்ளத்தெரு:
அப்ப ஆறே ஏறாம பார்த்துக்கிட்டா மூடியும் விழாது, பம்ப்பும் வேண்டாம். அது முடியாதா?

மதகடி:
சரியான கேள்வி. கனடாவில் வின்னிபெக் நகரம் இதைத்தான் செஞ்சுது. 1950இல் சிவப்பு ஆறு நகரத்தை மூழ்கடிச்சதும், நகரைச் சுற்றி 47 கி.மீ. நீளத்துக்கு ஒரு வெள்ள வாய்க்கால் வெட்டினாங்க. 1962இல் தொடங்கி 1968இல் முடிஞ்சுது. அப்ப மாகாண முதல்வரா இருந்த டஃப் ராப்ளின் பெயரைச் சொல்லி "டஃப் வெட்டின குழி"ன்னு கிண்டல் பண்ணாங்க. 1997இல் பெருவெள்ளம் வந்து நகரம் தப்பின பிறகு அதே பெயர் மரியாதையாயிடுச்சு. அப்புறம் அதை அகலப்படுத்தி விநாடிக்கு 4,000 கன மீட்டர், அதாவது 1.4 லட்சம் கன அடி போற மாதிரி ஆக்கினாங்க.

அது வேலை செய்யற விதம் பார்க்க அழகு. ஆற்றின் குறுக்கே இரண்டு பெரிய ஷட்டர். சாதாரண நாளில் ஆற்றடியில் படுத்திருக்கும், படகு மேலேயே போகும். வெள்ளம் வந்தா மெல்ல எழும்பும். ஆறு பின்னால் ஏறும், ஏறின தண்ணி பக்கத்து மண் விளிம்பைத் தாண்டி வாய்க்காலில் இறங்கும். உங்களுக்கு வேண்டியது இதுதான்: பனி உருகுற வெள்ளத்துக்கு மட்டும் கட்டினதைக் கோடை மழைக்கும் பயன்படுத்தறாங்க. நகருக்குள் ஆற்றுமட்டம் உயர்ந்து நின்னா, கனமழையில் கழிவுநீர் பின்வாங்கி வீட்டு நிலவறைக்குள் ஏறும். அதைத் தவிர்க்க ஆற்றைச் சில அடி இறக்கி வைக்கிறாங்க. ஆறு இறங்கினா வடிகால் தானா ஓடும்.

லண்டன் தேம்ஸ் தடுப்பும் அப்படித்தான். கடல் பொங்கி உள்ளே வராம இருக்கக் கட்டினது. ஆனா மேலிருந்து ஆற்றுவெள்ளம் வரும்போது கடல் வற்றின நேரமாப் பார்த்து மூடிடுவாங்க. அடுத்த ஏற்றம் உள்ளே வராது, அந்தக் காலி இடத்தில் ஆற்றுத் தண்ணி வந்து தங்கும். 2013-14 குளிர்காலத்தில் 50 தடவை மூடினதில் பெரும்பாலானவை ஆற்றுவெள்ளத்துக்காகத்தான்.

கழனி:
எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க அண்ணே. ஷட்டர் எழும்பினா "ஆறு பின்னால் ஏறும்"னு ஒரு வரியில் போயிட்டீங்களே, அந்தப் பின்னால் யார் இருக்கா? எங்களைப் போல உழவன் இருக்கான். நகரம் தப்பிக்கக் கழனி மூழ்கணும். வரைபடத்தில் எங்க நிலத்துக்கு நீலக் கலர் அடிச்சு 'தேக்கப் பகுதி'ன்னு எழுதிட்டாப் போதுமா?

மதகடி:
போதாதுதான். வின்னிபெக்கிலேயே அந்தச் சண்டை நடந்துச்சு. வாய்க்கால் இல்லாம இருந்திருந்தா இயற்கையா எவ்வளவு ஏறியிருக்குமோ, மேல்பக்கம் அதுக்கு மேலே ஏத்தக் கூடாதுங்கறதுதான் விதி. 1997இல் அதையும் தாண்டி ஏத்த வேண்டி வந்துச்சு. பிறகு அந்த மாதிரி செயற்கை வெள்ளத்துக்கு நஷ்டஈடு கொடுக்கத் தனிச் சட்டமே வந்துச்சு.

இதைவிடக் கொடுமை அமெரிக்காவில். 1927 மிசிசிப்பி வெள்ளம் வரைக்கும் அங்கே "கரை மட்டும் போதும்"ங்கறதுதான் கொள்கை. கரை உயர உயர ஆறும் உயர்ந்துச்சு. கடைசியில் நியூ ஆர்லியன்ஸைக் காப்பாத்தக் கீழே கேர்னார்வான் என்ற இடத்தில் கரையை டைனமைட் வச்சு உடைச்சாங்க. அங்கே இருந்த ஏழை ஜனம் வீடிழந்துச்சு, வாக்குக் கொடுத்த நஷ்டஈட்டில் சொற்பம்தான் கைக்கு வந்துச்சு.

கழனி:
அதைத்தான் நானும் சொல்றேன்.

வரைபடம்:
அதற்குப் பிறகு அவர்கள் முன்கூட்டியே இடம் குறித்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே 1931இல் முடிந்த போனே காரே என்ற வெள்ளப்போக்கி இருக்கிறது. 350 கண்கள், கண்ணுக்கு 20 மரச்சட்டங்கள், ஆக 7,000 சட்டங்கள். இன்றும் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறது. சட்டங்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் ஆறு ஏறினாலே, திறக்கும் முன்பே, தண்ணீர் கசியத் தொடங்கும். நகரத்தை ஒட்டி விநாடிக்கு 12.5 லட்சம் கன அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதிகபட்சம் 2.5 லட்சம் கன அடியைக் கடலோடு சேர்ந்த பக்கத்து ஏரிக்குத் திருப்பலாம். அந்த நிலம் அரசுடையது, அங்கே வீடு கட்ட யாருக்கும் அனுமதியில்லை. ஆனாலும் கணக்கு சுத்தமாக முடியவில்லை. 2019இல் முதன்முறையாக ஒரே ஆண்டில் இரண்டு தடவை திறந்தார்கள். உப்புநீரில் அவ்வளவு நன்னீர் கலந்து சிப்பி வளர்ப்பவர்கள் நொடிந்து போனார்கள்.

கழனி:
பாருங்க, அங்கேயும் யாரோ ஒருத்தன் கொடுக்கிறான். சரி, உழவன்கிட்ட கேட்டுச் செஞ்ச இடம் எங்கேயாவது உண்டா?

மதகடி:
உண்டு. நெதர்லாந்தில் 1995இல் ஆறுகள் ஏறி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேத்தினாங்க. பிறகு "ஆற்றுக்கு இடம்"னு ஒரு திட்டம் போட்டு, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளினாங்க. நைமெகன் நகருக்கு எதிர்க்கரையில் 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் இன்னொரு ஓடையும் வெட்டினாங்க. அதுக்கு ஐம்பது வீடு வரை போச்சு. ஆனா ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் திட்டத்தைக் கொண்டு போனவங்களே உழவர்கள்தான். எங்க நிலத்தில் வெள்ளம் வரட்டும், வீடும் தொழுவமும் மட்டும் மேட்டில் இருக்கணும்னாங்க. கரையோரம் உயரமா மேடுகள் எழுப்பி அதன்மேல் பண்ணைகளை மாத்தினாங்க. எல்லாருக்கும் இடம் இல்லாததால் சில குடும்பம் வேற ஊருக்குப் போச்சு. ஆற்றுப்பக்கக் கரையைத் தாழ்த்திட்டாங்க. பெருவெள்ளம் வந்தா நிலம் நனையும், மாடு மேட்டில் நிற்கும்.

நம்ம மொழியில் இந்த எண்ணத்துக்குப் பெயரே இருக்கு: கொள்ளிடம். காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம். ஆற்றுக்கு அப்படி ஒரு இடத்தை முன்னாடியே விட்டு வச்சவங்க பெயரிலேயே அதைச் சொல்லி வச்சிருக்காங்க.

சும்மாஒருத்தன்:
சுவர், பம்ப், சுரங்கம், வாய்க்கால், தேக்கம்... எல்லாத்தையும் 'நூறு வருஷ வெள்ளத்துக்குத் தாங்கும்'னு போர்டு மாட்டிடறாங்க. எங்க பக்கம் ஆறு வருஷத்தில் இரண்டு நூறு வருஷ வெள்ளம் வந்தாச்சு. அடுத்த 194 வருஷத்துக்கு நிம்மதியா?

வரைபடம்:
:) அந்தப் பெயரே தவறாகப் புரிய வைக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள். போன வருஷம் வந்தது என்பதற்காக இந்த வருஷம் விட்டுவிடாது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருப்பவர் அதை ஒரு முறையாவது பார்க்க 26 விழுக்காடு வாய்ப்பு.

மதகடி:
சுவர் தாண்டாமலும் உடையும், அதையும் சொல்லிடறேன். நியூ ஆர்லியன்ஸில் 2005இல் வடிகால் கால்வாய்ச் சுவர்கள் சில, தண்ணி விளிம்பைத் தொடும் முன்னாடியே அடிமண் நழுவிச் சரிஞ்சுது. மழைத்தண்ணியை ஏரிக்குத் தள்ளுற பம்ப்களின் கால்வாய் அவை. புயலில் ஏரியே அந்தக் கால்வாய் வழியா ஊருக்குள் வந்துச்சு. இப்ப கால்வாய் வாயில் கதவும், கதவை மூடினா உள்தண்ணியைத் தூக்கி ஊத்த அங்கேயே பம்ப்பும் வச்சிருக்காங்க. பள்ளத்தெருவின் கேள்விக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

மண்கரையில் காவல் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு நிறைஞ்சு நிற்கும்போது கரையின் ஊர்ப்பக்க அடியில் தரையிலிருந்து தண்ணி குமிழி விட்டுக் கொப்பளிக்கும். தெளிவா வந்தா கண்காணிச்சாப் போதும். மண்ணோட கலங்கி வந்தா கரை உள்ளே அரிக்குதுன்னு அர்த்தம். பதறிப்போய் அதன்மேல் மூட்டையைப் போட்டு அடைக்காதீங்க, பக்கத்தில் வேற இடத்தில் பிய்ச்சுக்கும். கிணற்று உறை மாதிரி சுத்தி மணல்மூட்டை அடுக்கி உள்ளே தண்ணி ஏற விடுங்க. ஏறின தண்ணியின் எடையே மண் வர்றதை நிறுத்தும். வெளியே வழியறது தெளிஞ்சதும் அடுக்கறதை நிறுத்திடலாம்.

பம்ப்ஹவுஸ்:
தூர் வாரறதைப் பத்தி யாருமே பேசலை பார்த்தீங்களா. சீனாவில் டூஜியாங்யான்னு இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலான ஆற்று வேலை இருக்கு. ஆற்றை இரண்டாப் பிரிச்சு, பாசனத்துக்கு உள்கிளை, வெள்ளத்துக்கு வெளிக்கிளை. அங்கே தலைமுறை தலைமுறையா வர்ற விதி: மணலை ஆழமா வாரு, அணையைத் தாழ்வாக் கட்டு. எவ்வளவு ஆழம்னு சண்டை வராம இருக்க ஆற்றடியில் இரும்புக் கட்டைகளைப் புதைச்சு வச்சிருக்காங்க. கடப்பாறை அதில் பட்டாத்தான் வேலை முடிஞ்சுது. எங்க ஒப்பந்தக்காரருக்கும் அப்படி ஒரு கட்டை புதைக்கணும்.

பள்ளத்தெரு:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை வெயிலில் போய்ப் பார்த்துட்டு வந்தேன். சுவர் அடியில் எங்க பகுதி வடிகாலுக்கு மூணு வாய். முதல் மூடி சரியா ஆடுது. இரண்டாவதின் இடுக்கில் ஒரு மரக்கட்டை சிக்கி ஒரு சாண் திறந்தே நிற்குது. மூணாவதுக்கு மூடியே இல்லை, கீல் மட்டும் துருப்பிடிச்சுத் தொங்குது.

மதகடி:
அதுக்குத்தான் நிறம் கேட்டேன். முதல் நாள் கருப்பு உங்க மழைத்தண்ணி. மறுநாள் செம்மண் கலங்கல் ஆற்றுத் தண்ணி. இரண்டு கோடி கொடுத்தோ இருபது கோடி கொடுத்தோ சுவர் கட்டி, அடியில் ஒரு ஓட்டையைத் திறந்து விட்டிருக்காங்க. மனுவில் "தண்ணீர் தேங்குகிறது"ன்னு எழுதாதீங்க. எத்தனாவது வாய், மூடி இல்லாத படம், அன்னிக்கு ஆறு இருந்த மட்டம், தெருவில் தண்ணி நிறம் மாறின நேரம், இதை எழுதுங்க. இன்னொண்ணு, மூடி வந்துட்டா ஆற்றுத் தண்ணி உள்ளே வர்றது நின்னுடும், ஆனா கருப்புத் தண்ணி தேங்கறது தீராது. அதுக்குத் தேக்கமோ பம்ப்போ தனியாக் கேட்கணும்.

பம்ப்ஹவுஸ்:
மரக்கட்டையை மழை நாளில் கையை விட்டு எடுத்துடாதீங்க. ஆறு ஏறுச்சுன்னா அந்த மூடி ஆளையே நசுக்கிடும். வெயிலிலேயே எடுத்துடுங்க, இரண்டு பேரா.

பள்ளத்தெரு:
கட்டையை அன்னிக்கே பக்கத்து வீட்டுத் தம்பியோட இழுத்துப் போட்டாச்சு. வாய்களுக்கு எண் எதுவும் போடலை. நானே பெயின்ட்டில் எழுதிட்டு வரவா?

மதகடி:
எழுதுங்க. பக்கத்திலேயே அடிக்கணக்குக் கோடும் போட்டுடுங்க, அடுத்த மழைக்கு மட்டம் பார்க்க உதவும்.